பத்தொன்பதாம் குப்பி

சின்னவள் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள் என்றதும் பெரியவள் நிலவறையை ஒரே நாளில் இரண்டு முறை கழுவினாள். காலையில் ஒருமுறை, வழக்கம்போல. சாயங்காலம் ஒருமுறை, மனசு கேட்காமல். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தரை, படிக்கட்டு, பீப்பாய்கள் உட்கார்ந்திருக்கும் மரச்சட்டங்கள், கைக்கு எட்டிய வரைக்கும் கூரைப் பலகைகள் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்று வருஷம் ஒயினைப் பற்றியே படித்த பெண் வந்து இறங்கப்போகிறாள், அவள் கண்ணில் ஒரு தூசி பட்டுவிடக் கூடாதாம்.

சுத்தம் என்று வந்துவிட்டால் பெரியவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அம்மா இறந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தங்கைக்குப் பத்து. அன்றைக்குக் கையில் எடுத்த துடைப்பத்தை இன்றுவரை கீழே வைக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் மழைத்தண்ணீர் இறங்கிப் பழைய கூரை பூஞ்சை பிடித்ததால் நிலவறைக்குப் புதுசாக மரக்கூரை போட்டார்கள். மறுபடி பூஞ்சை பிடித்துவிடுமோ என்ற பயத்தில் அன்று ஆரம்பித்ததுதான் இந்த பிளீச்சிங் பவுடர். சுகாதார அதிகாரி ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "தட்டே வேண்டாம் போலிருக்கே, தரையிலயே சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். பெரியவள் அதைத் தபால்காரர், பால்காரர், எதிர்வீட்டுக்காரி என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

அப்பாவுக்கு இரண்டு சரிவுகள் இருந்தன. மேல் சரிவில் கல்யாணமான வருஷம் அவரும் அம்மாவும் சேர்ந்து நட்ட திராட்சைக் கொடிகள். கீழ்ச் சரிவு அப்புறம் வாங்கியது. இரண்டிலும் விளைந்ததைப் பிழிந்து, நிலவறையில் பீப்பாய்களில் ஊற வைத்து விற்பதுதான் குடும்பத்தின் பிழைப்பு. வருஷா வருஷம் மொத்த வியாபாரி ஒருவர் வந்து ருசி பார்ப்பார். நல்ல நாளில் அவர் ருசி பார்த்ததைத் துப்ப மாட்டார், விழுங்கிவிட்டு இன்னொரு வாய் கேட்பார். ஏழு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவையாகத் துப்பினார். அதற்கடுத்த வருஷமும் துப்பினார். மூன்றாவது வருஷம், "குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லீங்க. ஆனா உயிர் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்ப இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். உரத்தை மாற்றினார், கொடியை வெட்டிக் கவாத்து செய்யும் மாதத்தை மாற்றினார், அறுவடையை ஒரு வாரம் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மண்ணு களைத்துப்போய்விட்டது, கொடிக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினார். பெரியவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம இதையே குடிச்சுக் குடிச்சு நாக்கு பழகிப்போச்சுப்பா. நமக்குத் தெரியாது. முறையாப் படிச்சவங்க ஒருத்தர் இந்த வீட்டுல வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்று தங்கையைப் படிக்க அனுப்பினாள். அந்தச் சமயம் பெரியவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. சின்னவள் படிப்பு முடியட்டும், இப்போது தோட்டத்தை யார் பார்ப்பது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அதைப் பற்றிப் பெரியவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவில்லை என்பதற்காக நினைக்கவில்லை என்று ஆகிவிடாது.

படித்தது சின்னவள் என்று பேர். ஆனால் அக்காவும் கூடவே படித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பில் கேள்வி பதில் எழுதிய அட்டைகள் கொடுப்பார்கள். சின்னவள் அதில் இன்னொரு கட்டு எழுதி அக்காவுக்கு அனுப்பினாள். தினமும் வேலை முடிந்ததும் பெரியவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் கேள்வி கேட்பாள். சுண்ணாம்பு மண்ணில் எந்தத் திராட்சை நன்றாக வரும், குளிரான வருஷத்தில் புளிப்பு ஏன் ஏறும், வினிகர் வாசனை வந்தால் என்ன கோளாறு. தங்கை தடுமாறினால், "என்னடி, உனக்கு முன்னாடி எனக்கு டிப்ளமோ கொடுத்துடுவாங்க போல" என்று சீண்டுவாள். அறுநூறு அட்டைகள். அக்காவுக்கு அத்தனையும் மனப்பாடம்.

போன வருஷம், பரீட்சை நெருங்கிய சமயத்தில், அப்பா மேல் சரிவைப் பிடுங்கினார். ஆளை விட்டுப் பிடுங்கச் சொல்லவில்லை. நட்டது நான், பிடுங்குவதும் நானே என்று சொல்லிவிட்டு, கொடியின் அடியில் கட்டிய சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒன்பது நாள் பிடுங்கினார். பெரியவள் தங்கைக்குப் போன் செய்து அழுதாள். "நீ ஒரு வார்த்தை சொல்லுடி. நீ சொன்னா கேப்பாரு. படிப்பு முடியற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு." அந்தப் பக்கம் புத்தகம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை இருக்குக்கா" என்று மட்டும் வந்தது. பாவம், படிக்கிற பிள்ளையைப் போய்த் தொந்தரவு செய்துவிட்டோமே என்று பெரியவள் தன்னையே நொந்துகொண்டு போனை வைத்தாள்.

இப்போது கீழ்ச் சரிவுக்கும் நாள் குறித்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் டிராக்டர்காரர் வருவார். பெரியவள் அப்பாவின் கையைப் பிடித்துக் கேட்டு வாங்கிய சலுகை ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை சின்னவள் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பீப்பாயில் இருக்கிறதை ருசி பார்த்து, கோளாறு மண்ணிலா வேறு எதிலாவதா என்று சொல்லட்டும். மண்ணு என்று சொன்னால் பிடுங்கிக்கொள்ளுங்கள். அப்பா சரி என்றார். வேறு எதற்கும் அவர் தலையாட்டி ரொம்ப நாளாயிற்று.

சின்னவள் மதியம் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். தெருவில் பாதிப்பேர் வாசலுக்கு வந்து, "மூக்குக்காரி வந்தாச்சா? எங்க வீட்டுச் சமையலையும் மோந்து பாத்து மார்க் போட்டுட்டுப் போம்மா" என்று கேலி செய்தார்கள். அவள் சிரித்தாள். பெரியவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். "முதல்ல நிலவறையைப் பாரு, வா. உனக்காகவே கழுவி வச்சிருக்கேன்" என்றாள். சின்னவள் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள். பிரயாணக் களைப்பு என்று அக்கா போர்வையை இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி கூடக் குடிக்காமல் மூன்று பேரும் நிலவறைக்குப் போனார்கள். காபி குடித்தால் நாக்கு மரத்துவிடுமாம். பெரியவள் பீப்பாய்களின் வாயைத் திறந்து கொடுத்தாள். சின்னவள் கண்ணாடிக் குழாயை விட்டு மூன்று பீப்பாய்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தாள். அவள் வாயால் மூச்சு விடுவதைப் பெரியவள் கவனித்தாள். சளி பிடித்திருக்கிறதோ, சளியோடு ருசி பார்க்க முடியுமோ என்ற கவலைதான் அவளுக்கு.

"இங்கயே பாக்க வேண்டியதுதானே?" என்று அப்பா கேட்டார்.

"வெளிச்சம் பத்தாதுப்பா. மேல போயிடலாம்."

சமையலறை மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து மூன்று கோப்பைகளை வைத்தாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சின்னவள் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்தாள், சுழற்றினாள், மூக்கை வைத்தாள், ஒரு வாய் வைத்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, கிண்ணத்தில் துப்பினாள். மூன்றையும் அப்படியே செய்தாள். மொத்த வியாபாரியும் இப்படித்தான் துப்பினார் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றார் அப்பா.

"மந்தமா இருக்குப்பா. பழ வாசனை எழும்பல."

"அது எனக்கே தெரியும். எதனாலன்னு சொல்லு. மண்ணுதானே?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அப்புறம் காது மடலைத் தேய்த்துக்கொண்டாள். "மண்ணாவும் இருக்கலாம்ப்பா" என்றாள்.

அப்பா தொப்பியைத் தலையில் வைத்தார். "சரி. படிச்ச பிள்ளையே சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழ்ச் சரிவைப் பார்க்கக் கிளம்பினார். சின்னவள் பின்னாலேயே எழுந்து, "இருங்கப்பா, நானும் வரேன்" என்றாள். "வேண்டாம்மா. இன்னிக்கு நான் தனியாப் போறேன்" என்றார். அவர் நடை தளர்ந்து போயிருந்தது.

பெரியவள் தங்கையைத் தூக்கி வளர்த்தவள். பால்சட்டியை உடைத்துவிட்டுப் பூனை என்று சொன்ன ஐந்து வயதிலிருந்தே சின்னவள் பொய் சொல்லும்போது காது மடலைத் தேய்ப்பாள். இப்போது என்ன பொய், எதற்கு? அவளுக்குப் பிடிபடவில்லை. அவசரப்பட்டுக் கேட்கவும் பயமாக இருந்தது. சின்னவள் முகம் கழுவப் போனாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று பெரியவள் அறைக்குப் போய்த் தங்கையின் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

துணிகளுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தால் விரல் நீளத்தில் இருபத்துநாலு கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். பெரியவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மூக்கைப் பழக்குவதற்கு வகுப்பில் கொடுக்கிற வாசனைக் குப்பிகள். போனில் எத்தனை தடவை கேட்டிருப்பாள், லீவுக்கு வரும்போது கொண்டுவாயேன், நானும் மோந்து பார்க்கிறேன் என்று. வகுப்புக்குச் சொந்தமானது, வெளியே விடமாட்டார்கள் என்று தங்கை தட்டிக்கழித்துவிடுவாள். கள்ளி, பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு.

கட்டிலில் உட்கார்ந்து, மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலைக் கையால் மறைத்துக்கொண்டு, தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். ஒன்று, எலுமிச்சை. நாலு, வெண்ணெய். ஒன்பது, வறுத்த காபிக்கொட்டை. எல்லாம் சரி. பன்னிரண்டில் ரோஜாவா வேறு பூவா என்று கொஞ்சம் திணறினாள். பதினேழு வினிகர். பதினெட்டு அழுகின முட்டை, அதை அவசரமாக மூடினாள். பத்தொன்பதைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை.

காலிக் குப்பியோ என்று ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ இருந்தது. மறுபடி நன்றாக மூக்கை வைத்தாள். வாசனை இருக்கத்தான் செய்தது, ஆனால் புதுசாக இல்லை. வாளியோடு படியிறங்கும்போது வருகிற வாசனை அது. அவள் துணியிலும் தலைமுடியிலும் தினமும் இருக்கிற வாசனை. பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டி, நம்ம நிலவறையைப் போய்க் குப்பியில அடைச்சு வச்சிருக்காங்களே" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். கையை எடுத்துப் பட்டியலைப் படித்தாள்.

பதினேழிலிருந்து கோளாறுகள் என்று தலைப்பு. பத்தொன்பது, கார்க் கெடுதல்.

அந்தக் கேள்வி அட்டை அவளுக்கு மனப்பாடம். எத்தனையோ ராத்திரி அவளே வாய்விட்டு வாசித்தது. ஈர அட்டைப்பெட்டி வாசனை, பூட்டிக் கிடந்த அறையின் வாசனை, என்ன கோளாறு, எதனால்? பதில்: கார்க் கெடுதல். பாட்டிலை அடைக்கிற கார்க்கினால் மட்டும் வருவதில்லை. குளோரின் கலந்த தண்ணீர் மரத்தில் ஊறி, அதில் பூஞ்சை சேர்ந்தால் நிலவறை முழுவதும் பரவும், காற்று வழியாகவே பீப்பாய்க்குள் இறங்கும். அளவு குறைவாக இருந்தால் நாற்றம் தெரியாது, பழ வாசனையை மட்டும் கொன்றுவிடும். அங்கேயே வேலை செய்கிறவர்களின் மூக்குக்கு அது பழகிப்போய்விடும். இத்தனையும் தெரியும் அவளுக்கு. பிளீச்சிங் பவுடரில் இருப்பதும் அதே குளோரின்தான். ஈர அட்டைப்பெட்டி வாசனை என்றால் ஏதோ குப்பைமேட்டு நாற்றம் என்று நினைத்திருந்தாள். அதைத் தன் நிலவறையோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தட்டில்லாமல் சாப்பிடலாம் என்று அதிகாரியே சொன்ன நிலவறை ஆயிற்றே. எழுதினதைப் படித்தாளே தவிர, இது இதுதான் என்று மூக்குக்குக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஆள் இல்லை. அதைக் காட்டிக்கொடுப்பதற்குத்தான் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

தலையைத் தூக்கினாள். வாசலில் சின்னவள் ஈர முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தானாடி?" என்று பெரியவள் கேட்டாள்.

சின்னவள் வந்து தரையில் உட்கார்ந்து அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். பெரியவள் அந்தத் தலையைத் தொடவில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"முதல் வருஷம். நாலாவது மாசம்." சின்னவள் மடியிலிருந்து முகத்தை எடுக்காமலேயே சொன்னாள். "வகுப்புல இந்தக் குப்பியைச் சுத்தி அனுப்பினாங்க. எல்லாரும் மூக்கைச் சுளிச்சாங்க. எனக்கு மட்டும் உன் ஞாபகம் வந்துச்சுக்கா. அப்படியே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வீட்டு ஞாபகம் வந்துடுச்சுன்னு டீச்சர்கிட்ட வேற சொன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. வகுப்பு முடிஞ்சப்புறம் தனியாக் கூப்பிட்டு, உங்க வீட்டு நிலவறையை எதால கழுவறீங்கன்னு கேட்டாங்க."

"லீவுக்கு வந்தியே."

"வந்தேன். சொல்லணும்னுதான் வந்தேன். படியிறங்கினா, நீ முட்டி போட்டுத் தேச்சுட்டு இருக்க. என்னைப் பாத்துச் சிரிச்சே. உன் கையெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. இதெல்லாம் நீ பண்ணினதாலதான்னு எந்த வாயால சொல்றது? பவுடர் டப்பாவைத் தூக்கி ஒளிச்சு வச்சேன். நீ மறுநாளே ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்துட்ட."

பெரியவளுக்கு அந்த டப்பா காணாமல் போனது ஞாபகம் வந்தது. பால்காரரைச் சந்தேகப்பட்டுக் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தாள். பாவம் அந்த மனுஷர்.

"மேல் சரிவைப் பிடுங்கறப்போ நான் போன் பண்ணினேன்" என்றாள்.

சின்னவள் அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒன்பது நாள் பிடுங்கினாரு. அவ்வளவு நாளும் நான் பக்கத்துல நின்னேன். நீ பரீட்சைன்னு சொன்ன. நானும், ஆமா, பிள்ளைக்குப் பரீட்சைன்னு வச்சுட்டேன்."

"எனக்கு நீதானேக்கா அம்மா. உனக்கு வலிக்குமேன்னு..."

"எனக்கு வலிக்கட்டுமேடி. எனக்கு வலிச்சா என்ன? ரெண்டு நாள் அழுதிருப்பேன். டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பேன். கொடி நின்னிருக்கும்." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சின்னவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "உன்னைப் படிக்க அனுப்பினதே இதை வந்து சொல்றதுக்குத்தான். நீ படிச்ச. தெரிஞ்சுக்கிட்ட. சொல்ல வேண்டியதை மட்டும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்ட."

"அப்பாகிட்டத் தனியாச் சொல்லலாம்னு இருந்தேன். கூரைப் பலகையாலன்னு மட்டும். உனக்குத் தெரியாம. அதான் இப்போ கூடப் போறேன்னு கேட்டேன்."

பெரியவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மணிக்கட்டு வரைக்கும் வெளுத்து, விரல் இடுக்குகளில் தோல் உரிந்த கைகள். எட்டு வருஷம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாள், அன்றைக்கும் சாயங்காலம் எழுந்து கழுவினாள். அவளுக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. இதை ஜோடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தன் கை செய்ததை நினைத்து உடைந்தது ஒரு பங்குதான். மடியில் கிடக்கிற இந்தத் தலை, மூன்று வருஷமாகத் தினமும் போனில் தன்னிடம் சிரித்துப் பேசிய தலை, அத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டுதான் சிரித்தது என்பதில் மிச்சமெல்லாம் உடைந்தது. அந்த அட்டை வரும்போதெல்லாம் தங்கை ஒரு விநாடி தாமதித்துத்தான் பதில் சொல்லுவாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று பெரியவள் அதைக் கூடுதலாக நாலு தடவை கேட்பாள்.

"எழுந்திரு. அப்பாகிட்டப் போகலாம்" என்றாள்.

"நான் சொல்றேன்க்கா. பவுடரைப் பத்திச் சொல்ல வேண்டாம்."

"ஏன், அதையும் பூனைதான் போட்டுச்சுன்னு சொல்லப்போறியா?"

அப்பா கீழ்ச் சரிவின் கடைசி வரிசையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மேலே பார்த்தால் பிடுங்கிய சரிவு வெறும் மண்ணாகத் தெரியும் என்பதால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவர் எதிரில் போய் நின்று, ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். மரம், தண்ணீர், பவுடர், காற்று, பீப்பாய். அட்டையில் இருந்த வரிசையிலேயே சொன்னாள். கடைசியில், "நான்தான்ப்பா கெடுத்தேன்" என்றாள்.

அப்பாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்போ மண்ணு?" என்று கேட்டார்.

"மண்ணு நல்லா இருக்குப்பா."

"கொடி?"

"கொடி மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் திரும்பி மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உங்கம்மா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாளி தண்ணி தலையில சுமந்து ஊத்தினா" என்றார். அப்புறம் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். அறுபத்தெட்டு வயது மனுஷர், பிள்ளைகள் எதிரில் அப்படி அழுது அவர்கள் பார்த்ததே இல்லை. அம்மா செத்த அன்றைக்குக் கூட வெளியே போய்த்தான் அழுதார்.

பெரியவள் அடியை எதிர்பார்க்கிற பிள்ளையாக நின்றாள். அடி விழவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டி அவள் கையைப் பிடித்து, அந்த உரிந்த தோலைக் கட்டைவிரலால் தடவினார். "சுத்தமா வச்சிருந்ததுக்கு யாரும்மா திட்டுவாங்க? யாருக்குத் தெரியும் இதெல்லாம்" என்றார். அதற்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

பிறகு சின்னவளைப் பார்த்தார். "நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச? எப்போ?"

சின்னவளின் வாய் திறந்தது. பெரியவள் முந்திக்கொண்டாள். ஏன் முந்திக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தூக்கி வளர்த்த கை, குழந்தை விழப்போகிறது என்றால் கோபத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காது.

"இன்னிக்குக் காலைலதான்ப்பா. நிலவறைக்குள்ள காலை வச்ச உடனே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் மனசு கஷ்டப்படுவேன்னு உங்ககிட்ட உடனே சொல்லல."

அப்பாவின் முகம் மாறியது. அழுத கண்ணோடேயே மலர்ந்தது. எழுந்து வந்து சின்னவளின் தலையில் கையை வைத்தார்.

"ஏழு வருஷம் நான் மண்ணைத் தோண்டினேன், உரத்தைக் கொட்டினேன். அந்த வியாபாரி முப்பது வருஷமா ருசி பாக்கறவன், அவனுக்கும் தெரியல. நீ ஒரு தடவை மோந்து பாத்தே. முறையாப் படிக்கறதுன்னா இதுதான். வேற எதுக்கு?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னும் ஒரு வருஷம் முன்னாடி நீ படிப்பை முடிச்சிருந்தா, மேல் சரிவும் தப்பிச்சிருக்கும். அதுக்கு நீ என்ன பண்ணுவே பாவம். உன் மேல என்ன இருக்கு."

சின்னவள் அப்படியே நின்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அப்பா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் ஏதோ அவசர வேலை வந்தவராக வீட்டைப் பார்த்து நடந்தார். வந்த நடை வேறு, இந்த நடை வேறு. டிராக்டர்காரரைத் தடுக்க வேண்டும், கூரைப் பலகையைப் பிரிக்க ஆள் சொல்ல வேண்டும், இந்த வருஷத்துப் பழத்தை எந்தக் கொட்டகையில் பிழிவது என்று பார்க்க வேண்டும்.

இவர்கள் இரண்டு பேரும் மெதுவாகப் பின்னால் வந்தார்கள். வாசலை நெருங்கும்போதே உள்ளே அப்பா டிராக்டர்காரரிடம் போனில் பேசுவது கேட்டது. தெருவுக்கே கேட்கிற குரல். "வரவேண்டாம்ங்க. கொடி நிக்கட்டும். என் சின்னப் பொண்ணு டிப்ளமோ முடிச்சுட்டு வந்திருக்கா. ஆமாங்க, ஒயின் படிப்புதான். உள்ள வந்தா, ஒரே ஒரு தடவை மோந்து பாத்தா. அவ்வளவுதான்."

சின்னவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். "என்னால முடியலக்கா" என்றாள். "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். என்னை வெறுத்தாலும் பரவால்ல."

பெரியவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லாதே. அவர்கிட்ட இப்போ மிச்சம் இருக்கறது உன்னைப் பத்தின பெருமை ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாதே."

"நீ என்னை மன்னிச்சுடுவியாக்கா?"

பெரியவள் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. தேடிப் பார்த்தாள், உள்ளே பதில் இல்லை.

"சின்னவளே" என்று அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இங்க வாம்மா. அவரு உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போனை வாங்கிக்கொண்டாள்.